கோரைக்கு மேல் நீச்சல் தொட்டி வைக்கலாமா? வாசகர் கேள்வி – பதில்

பின்வளவில் நீச்சல் தொட்டி பொருத்துவதற்கு முன் களைகளை என்ன செய்வது என்று வன்னி வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: கனடாவில் இருக்கும் அண்ணா 12 அடி வட்டமும் 30 அங்குல உயரமும் உள்ள இரும்புச் சட்டத் தொட்டி ஒன்றை அனுப்பியிருக்கிறார். ஆடி கடைசியில் பிள்ளைகளோடு வருகிறார்கள். வைக்க நினைத்திருக்கும் இடம் கிணற்றடிக்குப் பின்னால். முழுக்கக் கோரையும் அறுகும்தான். புல்லைச் செருக்கிவிட்டு, பழைய கம்பளத்தையோ தடித்த பொலித்தீனையோ விரித்து மேலே வைத்தால் காணாதா?
— வாசகி, கனகபுரம், கிளிநொச்சி

பதில்: காணாது. அறுகு மட்டும் என்றால் எப்படியும் சமாளித்துவிடலாம். கோரையின் குருத்து இறுகச் சுருண்டு, கூரான முனையோடு மேலே வருவது. பொலித்தீனையும் கம்பளத்தையும் களைத்துணியையும் குத்திக்கொண்டு வந்து, கடைசியில் தொட்டியின் அடித்தாளையும் குத்தும். வெளிச்சம் கிடைக்காவிட்டால் முளைக்காது என்று நினைக்கிறார்கள். கோரைக்கு வெளிச்சம் வேண்டியது வளர்வதற்குத்தான். முளைப்பதற்கு வேண்டியதெல்லாம் கிழங்கிலேயே இருக்கிறது. தொட்டியின் அடியில் ஈரமும் சூடும் சேர்ந்து நிற்பதால் அங்கே இன்னும் வேகமாக முளைக்கும். தண்ணீருக்குள்ளேயே ஒட்டக்கூடிய பசை இருக்கிறதுதான். ஆனால் கோரை ஒரே ஒரு இடத்தில் குத்திவிட்டு நிற்பதில்லை.

முதலில் எது கோரை, எது அறுகு என்று பாருங்கள். ஈரமண்ணில் ஒன்றைப் பிடுங்கி, தண்டை இரு விரலுக்கிடையில் வைத்து உருட்டுங்கள். மூன்று விளிம்பு தட்டுப்பட்டால் கோரை. அடியைத் தோண்டினால் கம்பி போன்ற கறுத்த வேரும், அதில் மணி கோத்ததுபோல் இடைவிட்டு இடைவிட்டுக் கிழங்குகளும் இருக்கும். மேலால் பிடுங்கும்போது கையோடு வருவது முதலாவது கிழங்குவரைதான், அதுவும் அதிர்ஷ்டம் இருந்தால். மிச்சம் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். பிடுங்கப் பிடுங்க அது கூடுவது போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்: முன்னால் இருந்த தளிர் போனதும் உறங்கிய கிழங்குகள் ஒவ்வொன்றாக விழித்துக்கொள்கின்றன.

உங்களிடம் உள்ள பெரிய ஆயுதம் சோளகக் காற்றும் வெயிலும். கோரைக்கிழங்கு வெள்ளத்தைத் தாங்கும், தறித்தாலும் தாங்கும், ஆனால் காய்ச்சலைத் தாங்காது. மேல்மண்ணில் வெயில்பட்டுக் கிடக்கும் கிழங்கு ஒன்றிரண்டு வாரத்தில் சுருங்கிச் செத்துவிடும். வைகாசியிலேயே தொடங்கினால் ஆடி கடைசிக்குச் சரியாக இருக்கும்.

நடுவில் ஒரு முளை அடித்து, 8 அடிக் கயிற்றில் வட்டம் கீறுங்கள். தொட்டி 12 அடிதான், ஆனால் சுற்றிவர 2 அடி கூடுதலாகத் துப்புரவாக்க வேண்டும். ஓரத்தில் நிற்கும் கோரையின் வேர் பக்கவாட்டில் ஓடி உள்ளே வரும். மேற்புல்லை உழவாரத்தால் செருக்கி அகற்றியபின், மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்குக் கட்டிகட்டியாகப் புரட்டிப் போடுங்கள். கிழங்கில் பெரும்பங்கு மேல் 6 முதல் 8 அங்குலத்துக்குள் இருக்கும், கொஞ்சம் அதற்குக் கீழேயும் போகும். கட்டிகளை உடைக்க அவசரப்பட வேண்டாம். இரண்டு மூன்று நாள் காய்ந்தபின் தட்டினால் மண் உதிர்ந்து கிழங்கு வெளியே நிற்கும். முள்ளுவாரியால் வாரி எடுங்கள். எட்டுப் பத்து நாளுக்கு ஒருதடவை இப்படியே புரட்டுங்கள், மொத்தம் நாலு தடவை. கிழங்கு செத்ததா என்று அறிய, நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, ஈரமாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. கபிலநிறமாகக் கட்டைபட்டு இருந்தால் முடிந்தது.

இந்த முறை பிழையாகிப் போவது பெரும்பாலும் தண்ணீரால். உங்கள் இடம் கிணற்றடிக்குப் பின்னால் என்கிறீர்கள். குளித்த தண்ணீரும் உடுப்புத் தோய்த்த தண்ணீரும் அந்தப் பக்கம் வடிகிறதா என்று முதலில் பாருங்கள். வடிந்தால் வாய்க்கால் வெட்டி வேறு பக்கம் திருப்பிவிட்டுத்தான் மண்வெட்டியைத் தொடவேண்டும். இடையில் மழை பெய்தால் நிலம் காய்ந்தவுடன் அதே கிழமையில் மறுபடி புரட்டவேண்டும், இல்லாவிட்டால் உடைந்த ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகும். ஈரநிலத்தில் லான்ட்மாஸ்ரர் விட்டு உழுவதும் கோரையை நட்டுவிடுவதும் ஒன்றுதான். வாரிய கிழங்கை எருக்கிடங்கிலோ வாழைப் பாத்தியிலோ கொட்டாதீர்கள். தகரத்தில் பரப்பி நன்றாகக் காயவிட்டு, பிறகு சாக்கில் கட்டி அகற்றுங்கள். (காட்டுப்பன்றி இந்தக் கிழங்குக்காகவே நிலத்தைக் கிளறும். அந்த உதவியை வேலிக்குள் கூப்பிட வேண்டாம்.)

நாலாவது புரட்டலுக்குப் பிறகுதான் தண்ணீர். மண்ணை நிரவி, ஊறும்வரை விட்டு, இரண்டு கிழமை காத்திருங்கள். தப்பிய கிழங்கெல்லாம் இந்த இடைவெளியில் தலைகாட்டும். ஒவ்வொன்றையும் பக்கத்தில் சிறு அலவாங்கைக் குத்தி நெம்பி, வேரைத் தொடர்ந்து கிழங்குவரை போய் எடுக்கவேண்டும். இந்தத் தண்ணீரால் இன்னொரு வேலையும் முடிகிறது: கிளறிய மண் படிந்து இறுகும்.

கேள்வி: இவ்வளவு பாடு எதற்கு? களைகொல்லியை ஒருதரம் அடித்தால் முடிந்துவிடுமே. சிலர் உப்பும் கழிவு ஒயிலும் ஊற்றச் சொல்கிறார்கள்.
— வாசகர், முள்ளியவளை

பதில்: உப்பும் ஒயிலும் வேண்டவே வேண்டாம். உப்பு தென்னைக்கும் கிணற்றுக்கும் போகும், தொட்டியின் இரும்புக் காலையும் அரிக்கும். ஒயில், டீசல் போன்றவை தொட்டித் தாளின் பிளாஸ்டிக்கை மென்மையாக்கிக் கெடுக்கும். மண்ணில் ஊறிய ஒயிலை எடுக்க மண்ணையே அள்ளவேண்டி வரும்.

கிளைபோசேற்று என்ற களைகொல்லிக்கு இலங்கையில் 2015-இல் தடை வந்தது. 2018-இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தி, 2022-இல் தடையை நீக்கினார்கள். அதனால் கிடைக்கிறதா என்பது கேள்வியல்ல, உங்கள் இடத்தில் வேலை செய்யுமா என்பதுதான் கேள்வி. அது இலை வழியாக உள்ளே போய் வேருக்கு இறங்கும் மருந்து. இலை பச்சையாக, வளர்ச்சியில் இருக்கவேண்டும். ஆடி வெயிலில் வாடிப் புழுதி படிந்து நிற்கும் புல்லுக்கு அடித்தால் மேலே கருகும், அடியில் ஒன்றும் நடக்காது. கோரையில் இன்னொரு சிக்கல்: இலை விட்டிருக்கும் கிழங்குக்குத்தான் மருந்து போய்ச் சேரும். உறங்கும் கிழங்கு தப்பிவிடும். ஆகவே ஒருதரம் என்பது கோரைக்குப் பொருந்தாது. மூன்று நாலு கிழமை கழித்துப் புதிதாகத் தளிர்த்ததற்கு மீண்டும் அடிக்கவேண்டி வரும். அறுகுக்கும் இலுக்குக்கும் இதைவிட நன்றாக வேலை செய்யும்.

அடிப்பதென்றே முடிவெடுத்தால், மழைக்குப் பின் புல் பச்சையாக 4 முதல் 6 அங்குலம் வளர்ந்தபோது, காற்றில்லாத காலையில் அடியுங்கள். பின்னால் 6 மணி நேரமாவது மழை வரக்கூடாது. 16 அடி வட்டத்துக்கு ஒரு லீற்றர் கலவை போதும், முதுகில் சுமக்கும் 16 லீற்றர் தாங்கியை நிரப்பத் தேவையில்லை. லீற்றருக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் என்பது பொதுவான அளவு. போத்தலில் எழுதியிருப்பதே கடைசிச் சொல். கலங்கல் தண்ணீரில் கலக்காதீர்கள். களிமண் மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்தக் கல்சியமும் மருந்தின் வேகத்தைக் குறைக்கும். மழைநீர் இருந்தால் அதில் கலக்கலாம். இல்லாவிட்டால் லீற்றருக்கு 20 கிராம் அமோனியம் சல்பேற்று உரத்தை முதலில் கரைத்து, அதன் பிறகு மருந்தை விடுங்கள். அடித்து இரண்டு கிழமைவரை செருக்கவோ கிளறவோ கூடாது. மூன்றாம் நாள் புல் மஞ்சளாகிறது என்று வெட்டிவிடுவது எல்லோரும் விடும் பிழை.

கிணறு பக்கத்தில் இருந்தால் எங்கள் ஆலோசனை: அடிக்காதீர்கள். 16 அடி வட்டத்துக்கு மண்வெட்டியே போதும். சந்தேகம் இருந்தால் உங்கள் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரிடம் செடியோடு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: வெயிலில் பொலித்தீன் விரித்து மண்ணை அவித்தால் களை செத்துவிடும் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?
— வாசகி, நெடுங்கேணி

பதில்: விதைக்கு உண்மை, கிழங்குக்குப் பாதிதான். மண்ணை நன்றாக நனைத்து, நிறமில்லாத தெளிந்த பொலித்தீனை மண்ணோடு ஒட்டி விரித்து, ஓரம் முழுக்க மண்ணில் புதைத்து, 6 முதல் 8 கிழமை விடவேண்டும். கறுப்புப் பொலித்தீனில் சூடு தாளோடு நின்றுவிடும். தெளிந்ததில்தான் வெயில் மண்ணுக்குள் இறங்கும். பாத்தீனியம், நெருஞ்சி, கீரைக்களைகளின் மேல்மண் விதைகள் நன்றாக அவியும். ஆழத்தில் கிடக்கும் கோரைக்கிழங்குக்குச் சூடு போதாது, தாளையும் அது குத்திவிடும்.

முதல் கேள்விக்குச் சொன்ன முறையோடு இதைக் கலக்கவும் முடியாது. அதற்கு மண் காய்ந்திருக்க வேண்டும், இதற்கு நனைந்திருக்க வேண்டும். கோரை இருந்தால் காய்ச்சல், இல்லாவிட்டால் அவியல்.

கேள்வி: எங்கள் வளவில் புல்லைவிட விடத்தலும் நாயுண்ணியும்தான் தொல்லை. இரண்டு வேப்பங்கட்டையும் நிற்கிறது. பெக்கோ பிடித்து ஒரேயடியாகக் கிளப்பலாமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: பெக்கோவைக் கூப்பிட முன் ஒரு விஷயம். நீண்டகாலம் காடாகக் கிடந்த வளவு என்றால், கண்ணிவெடி அகற்றி ஒப்படைக்கப்பட்ட பகுதிக்குள் அது வருகிறதா என்று கிராம அலுவலரிடம் உறுதிப்படுத்துங்கள். தோண்டும்போது துருப்பிடித்த உலோகம், குழாய், பிளாஸ்டிக் மூடி போன்ற எதுவும் தெரிந்தால் தொடாமல், நகர்த்தாமல், வந்த வழியாலேயே திரும்பி வந்து, 119-க்கு அழைத்துப் பொலிசாருக்குச் சொல்லுங்கள். வெட்டிய பற்றையை அந்த இடத்திலேயே குவித்துக் கொளுத்தவும் வேண்டாம். புதைந்திருந்த வெடிபொருள் குப்பைத் தீயில் வெடித்த சம்பவங்கள் வன்னியில் நடந்திருக்கின்றன.

இனி வேர். விடத்தலை நிலமட்டத்தில் தறித்தால் அடுத்த மழைக்கு வேரிலிருந்து பத்துக் கன்று கிளம்பும். வேம்பின் வேர் காயப்பட்டாலும் அப்படியே. நாயுண்ணி தறித்த கட்டையிலிருந்தே துளிர்க்கும், ஆனால் அடிக்கட்டையோடு கிளப்பினால் அடங்கிவிடும். விடத்தலுக்குக் கட்டையைச் சுற்றி வெட்டி, பக்கவேர் ஓடும் திசையில் அலவாங்கால் தொடர்ந்து போய் எடுக்கவேண்டும். மாரியின் கடைசியில், தை மாசியில், மண் இளகியிருக்கும்போது இது லேசு. ஆவணியில் செம்மண் கல்லாகிவிடும், வேர் பாதியில் அறுந்துபோகும்.

பெக்கோ கட்டையைக் கிளப்பும், கூடவே மூன்று அடிக் குழியையும் விட்டுப்போகும். அதை மண்ணால் நிரப்பி மேலே தொட்டி வைத்தால் முதல் மாதத்திலேயே ஒரு பக்கம் தாழும். 12 அடித் தொட்டியில் நிற்பது ஏறக்குறைய 6,500 லீற்றர், அதாவது ஆறரைத் தொன். குழியை 6 அங்குலப் படையாக நிரப்பி, ஒவ்வொரு படையையும் நனைத்துத் திமிசால் இடிக்கவேண்டும். நாங்கள் என்றால் கட்டை இருந்த இடத்தை விட்டுவிட்டுத் தொட்டியைத் தள்ளி வைப்போம். மண்ணுக்குள் விட்டுப்போன பெரிய வேர் உக்கும்போதும் பொந்து விழும், கறையானும் வரும்.

கேள்வி: எங்களுடையது கறுத்தக் களிமண். கோடையில் கை போகும் அளவுக்கு வெடிக்கும். களை பெரிதாக இல்லை. வேறு ஏதும் செய்யவேண்டுமா?
— வாசகர், முருங்கன்

பதில்: உங்களுக்குக் களையைவிட மண்தான் பிரச்சினை. இந்த மண் ஈரத்தில் ஊதும், காய்ச்சலில் சுருங்கும். தொட்டியின் அடி ஈரமாகவும் சுற்றம் காய்ந்தும் இருந்தால் ஓரத்துக் கால்கள் மட்டும் தாழும். மேல்மண்ணை 6 அங்குலம் அகற்றி, கிறவல் போட்டு, நனைத்து இடியுங்கள். 16 அடி வட்டத்துக்கு 6 அங்குலத் தடிப்பு என்றால் 100 கன அடி, சரியாக ஒரு கியூப். இடித்தால் இறங்கும் என்பதால் ஒன்றேகால் கியூப் எடுங்கள். வெடிப்புகளை முதலில் கிறவல் தூளால் நிரப்பாவிட்டால் மேலே போடுவதெல்லாம் உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.

கேள்வி: கடற்கரை மணல் வளவு. நெருஞ்சி முள் எவ்வளவு கூட்டியும் போகவில்லை.
— வாசகி, அளம்பில்

பதில்: கூட்டினால் முள் மணலுக்குள் போகும். பழைய சாக்கை நனைத்து, மேலே ஒரு கல்லை வைத்து, வட்டம் முழுக்க இழுங்கள். முள் சாக்கில் குத்திக்கொண்டு வரும். ஒரு முள்ளும் ஒட்டாமல் வரும்வரை சாக்கை மாற்றி மாற்றி இழுக்கவேண்டும். இறுதியில் மேல் ஒரு அங்குல மணலை அரித்தெடுத்துவிடுங்கள். செருப்பில் ஒட்டிவரும் முள்ளும் தாளைக் குத்தும், ஆகையால் தாளை விரிக்கும்போது செருப்புக்கு வெளியில்தான் இடம்.

கேள்வி: களை எடுத்து முடிந்தது. தாளுக்குக் கீழே மணலா, றிஜிபோமா? நிலம் மட்டமா என்று எப்படிப் பார்ப்பது?
— வாசகர், விசுவமடு

பதில்: மட்டம் முதலில். தெளிந்த ரியூப்பில் தண்ணீர் நிரப்பி, மேசன்மார் பார்ப்பதுபோல் நடுமுளையிலிருந்து எட்டுத் திசைக்கும் பாருங்கள். எந்த இரண்டு இடத்துக்கும் ஒரு அங்குலத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. மேட்டைச் செதுக்குங்கள், பள்ளத்தை நிரப்பாதீர்கள். நிரப்பிய மண் தண்ணீர்ப் பாரத்தில் இறங்கும், தொட்டி சரியும், தண்ணீர் எல்லாம் ஒரு பக்கத்துக் கால்களில் ஏறும்.

தாளுக்குக் கீழே அரித்த மணல் 2 அங்குலம், கால் கியூப் போதும். சட்டத்தின் கால்கள் மணலில் நிற்கக்கூடாது. ஒவ்வொரு காலுக்கும் ஒரு அடிச் சதுரக் கொங்கிறீற் தட்டு ஒன்றை நிலமட்டத்துக்குப் பதித்துக் கொடுங்கள். றிஜிபோம் மிதிக்கும் பாதத்துக்கு இதமாக இருக்கும்; 4 அடிக்கு 8 அடித் தகடு என்றால் ஐந்து வேண்டும். அதைக் கோரை குத்தாது என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், கறையானும் அதைத் துளைக்கும். பக்கத்தில் புற்று இருந்தால் மணலோடு நில்லுங்கள். களைத்துணியை மணலுக்கு அடியில் விரிக்கலாம். அது அறுகைத் தாமதிக்கும், மண்ணும் மணலும் கலக்காமல் காக்கும்.

ஆவணியில் உங்கள் கிணறு அடிதட்டுமா என்பதையும் இந்தக் கட்டத்திலேயே யோசியுங்கள். அடிதட்டும் கிணறென்றால் இவ்வளவு மண்வேலைக்குப் பிறகு தொட்டியை அரைவாசிக்கு நிரப்பிவிட்டு நிற்கவேண்டி வரும்.

கேள்வி: பிள்ளைகள் திரும்பிப் போனபின் தொட்டியைக் கழற்றிவிடப் போகிறோம். மாரிக்கு அந்த இடத்தில் பாத்தீனியமும் கோரையும் மறுபடி வந்துவிடாதா?
— வாசகி, செட்டிகுளம்

பதில்: வெறுமையாக விட்டால் வரும். கழற்றுவதென்றால் ஐப்பசி மழைக்கு முன் கழற்றுங்கள். பாதி நிரம்பிய தொட்டியை மூடிவைப்பது நுளம்புக்குத்தான் உதவும். அதுவரைக்கும் சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் ஏணியை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். தண்ணீரைத் திறக்க நாலைந்து நாளுக்கு முன் குளோரின் போடுவதை நிறுத்தி, மூடாமல் வெயிலில் விடுங்கள். சோதனைத் தாளில் குளோரின் காட்டாமல் போனபின் தென்னைக்கு விடலாம். கிணற்றுப் பக்கமோ குளத்துக்குப் போகும் வாய்க்காலிலோ விடவேண்டாம்.

பாத்தீனியம் பூக்க முன் வேரோடு பிடுங்கவேண்டும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கையுறையும் நீளக்கைச் சட்டையும் கட்டாயம். தோல் கடித்துத் தடிக்கும், மூச்சிழுப்பு உள்ளவர்களை அந்தப் பக்கம் விடவேண்டாம். கோரைக்கு நிழல் ஆகாது. வெறும் வட்டத்தில் மழை தொடங்கியதும் கௌபியை நெருக்கமாக விதையுங்கள், அல்லது வற்றாளைக் கொடி நடுங்கள். மணலை அள்ளிவிட்டு, இறுகிய மேல்மண்ணை 6 அங்குலம் கிளறினால் போதும். முதல் மூன்று கிழமைக்கு இடையில் முளைக்கும் கோரையைக் கையால் எடுத்துவிட்டால், பிறகு கொடி மூடிக்கொள்ளும். தையில் கௌபி பிடுங்கியவுடன் நிலத்தைப் புரட்டிக் காயப்போட்டால், அடுத்த வைகாசியில் நாலு தடவைக்குப் பதில் இரண்டு தடவை புரட்டினால் சரி.